ஸ்டியரிங்கிலிருந்து தரைக்கு: ஒரு கியர் லீவரின் வரலாறு

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே வருவோருக்கு, நாவற்குடா முடிந்து சற்றுத் தூரத்தில் வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாகத் தென்படத் தொடங்கும். அதுதான் காத்தான்குடி. கிழக்கே கடலும் மேற்கே வாவியும் நெருக்க, இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் ஊர். முற்றம் என்று சொல்லத்தக்க இடம் உள்ள வீடுகள் அங்கு குறைவு. அப்படியொரு முற்றத்தில், அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின், ஓர் இளைஞர் தமது சிறிய காருக்குள் தலையை விட்டுக் குனிந்திருந்தார். அவருடைய வாப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கார், மஸ்தா நிறுவனத்தின் யூனோஸ் ரோட்ஸ்டர். ஜப்பானுக்கு வெளியே எம்.எக்ஸ். 5 என்று அறியப்பட்டது. இரண்டே இருக்கைகள், மடக்கித் திறக்கக்கூடிய துணிக்கூரை. 1990களில் ரீகண்டிஷன் வாகனமாக இலங்கைக்கு வந்து பல கைகள் மாறிய கார் அது. இளைஞர் செய்துகொண்டிருந்தது, அதன் கியர் லீவரைக் கழற்றிவிட்டு, வேறொரு நிறுவனம் செய்து விற்கும் குறும்பயண லீவர் ஒன்றைப் பொருத்தும் வேலை. கத்தாரில் வேலை பார்க்கும் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாராம்.

வேலை பெரிதல்ல. ஆனால் பொறுமை வேண்டும். லீவரின் குமிழைத் திருகிக் கழற்றி, இரு இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள பெட்டியைத் தூக்கி எடுத்தால், தடித்த இறப்பர் உறை ஒன்று தெரியும். அதன் போல்ட்டுகளை அகற்றினால் உள்ளே இன்னுமோர் உறை. பழைய கார்களில் இது பெரும்பாலும் கிழிந்திருக்கும். கியர்பெட்டியின் வெக்கை காருக்குள் ஏறுவது அந்தக் கிழிசல் வழியாகத்தான். அதற்கும் கீழே மூன்று போல்ட்டுகள். அவற்றையும் கழற்றினால் லீவர் முழுதாகக் கையோடு வந்துவிடும். அதன் அடிநுனியில் ஒரு நைலோன் கிண்ணம் தொப்பிபோல் செருகப்பட்டிருக்கும். முப்பது வருடத்தில் அது பொடியாகிப் போயிருக்கும். லீவர் ஆடுகிறது, கியர் எங்கே விழுகிறதென்று தெரியவில்லை என்று சாரதிகள் குறைப்படுவதற்குப் பாதிக் காரணம் சில ரூபாய் பெறுமதியான இந்தக் கிண்ணம்தான். குழியிலுள்ள பழைய எண்ணெயை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிய கியர் எண்ணெய் விடவேண்டும். இவ்வளவு நேரமும் குழியின் வாயில் ஒரு துணி இருக்கவேண்டும். போல்ட் ஒன்று தவறி உள்ளே விழுந்தால், அரை நாள் வேலை ஒரு வார வேலையாகிவிடும்.

"வாப்பா, துணிய மறந்திட்டன் எண்டு நினைச்சீங்களா?" என்று மகன் சிரித்தார். தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பார்வை குழியின் மேலேயே இருந்தது.

குறும்பயண லீவரில் மாயம் எதுவுமில்லை, வெறும் நெம்புகோல் கணக்குத்தான். லீவர் ஒரு பந்துமூட்டில் ஆடுகிறது. மூட்டுக்கு மேலே 20 சென்ரிமீற்றர், கீழே 5 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். கியர்பெட்டிக்குள் நுனி 1 சென்ரிமீற்றர் நகர, கை 4 சென்ரிமீற்றர் நகரவேண்டும். கீழ்ப்பகுதியை 6.5 சென்ரிமீற்றராக நீட்டினால் கைக்கு 3 சென்ரிமீற்றர் சொச்சம் போதும். ஆனால் தூரத்தில் மிச்சம் பிடித்ததை விசையில் கொடுத்தாகவேண்டும். லீவர் இறுகும். அவசரப்படுபவரின் கையில், பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றுக்கொன்று இசையச் செய்யும் பித்தளை வளையங்கள் விரைவில் தேயும். எல்லோரும் ஓட்டும் காரில் தயாரிப்பாளர் லீவரை நீளமாக வைப்பது அறியாமையால் அல்ல. நோஞ்சான் கைக்கும் கியர் விழவேண்டும் என்பதற்காக.

ஆக, கியர் லீவரின் நீளமும் அது நிற்கும் இடமும் யாருக்காகக் கார் செய்யப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். அதன் வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்த்தால் சுவையாக இருக்கிறது.

முன்பக்கம் எஞ்சின், அதன்பின் கிளட்ச், அதன்பின் சறுக்கும் பற்சக்கரங்கள் கொண்ட கியர்பெட்டி என்ற ஒழுங்கை 1891இல் பிரான்சின் பனார் - லெவசோர் நிறுவனம் வகுத்தது. தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் லீவர் வண்டியின் வெளிப்புறத்தில், சாரதியின் வலக்கைப் பக்கம், ஒரு தடிபோல நின்றது. வேகம் பார்த்துப் பற்களைக் கோர்க்கத் தெரியாதவர் கையில் அது அலறும். அந்த அலறலை அடக்கியது 1928இல் அமெரிக்காவின் கடிலாக் காரில் வந்த சிங்ரோமெஷ் முறை. ஏர்ல் தொம்சன் என்பவரின் கண்டுபிடிப்பு அது. மேலே சொன்ன பித்தளை வளையங்கள் அந்தக் குடும்பத்தில் வந்தவைதாம்.

அடுத்த மாற்றம் பொறியியலிலிருந்து வரவில்லை, இருக்கையிலிருந்து வந்தது. 1930களின் கடைசியில் அமெரிக்க நிறுவனங்கள் முன்வரிசையில் மூவரை உட்காரவைக்க விரும்பின. நடுவில் அமர்பவரின் முழங்காலுக்கு லீவர் இடைஞ்சல். எனவே அதைத் தூக்கி ஸ்டியரிங் தண்டின்மேல் வைத்தார்கள். 1939 அளவில் அங்கு அது பரவலாகிவிட்டது. போருக்குப் பின் பிரித்தானியரும் அதைப் பின்பற்றினர். இலங்கைக்கு வந்த ஸ்டாண்டர்ட் வான்காட், ஹில்மன் மிங்ஸ், ஆஸ்டின் சமர்செட், ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் எல்லாமே ஸ்டியரிங் கியர்க் கார்கள். பிரான்சிலிருந்து வந்த பீஜோவும் அப்படியே. மொரிஸ் ஒக்ஸ்போர்ட் இந்தியாவில் அம்பாசிடராக மறுபிறவி எடுத்தபோது இதையும் கூடவே கொண்டுபோனது. சென்னைச் சாரதிகள் அதை 'ஹேண்ட் கியர்' என்பார்கள்.

தரையில் லீவர் நேரே கியர்பெட்டிக்குள் இறங்குகிறது. ஸ்டியரிங்கிலோ கையின் அசைவு நீண்ட கம்பிகள், முழங்கை மூட்டுகள், புஷ்கள் வழியாகச் சுற்றிப் போகவேண்டும். ஒவ்வொரு மூட்டும் சிறிது தேய்ந்தால் போதும். எல்லாத் தேய்வும் கூடிக் கையில் பெரிய தொளதொளப்பாக வந்து சேரும். இரண்டு கியர்களுக்கு நடுவில் பெட்டி சிக்கிக்கொள்ள, சாரதி நடுவீதியில் இறங்கி, பொனட்டைத் திறந்து, கம்பியைக் கையால் இழுத்துவிட்டுத் திரும்ப ஏறும் காட்சி மதுரையிலும் மட்டக்களப்பிலும் ஒன்றுதான். அந்தத் தலைமுறையினருக்கு இது நினைவிருக்கும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. 1955இல் பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. 1 இலட்சத்துக்கும் மேல் தயாராகிப் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போன அழகான வண்டி. அதற்குள் இருந்தது 1489 கன சென்ரிமீற்றர் பி வரிசை எஞ்சின். மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டிலும் ஆஸ்டின் கேம்பிரிட்ஜிலும் இருந்த அதே குடும்பம். அம்பாசிடர் வெகுகாலம் சுமந்ததும் அதையே. கியர்பெட்டியும் அந்த வம்சமே. எம்.ஜி.ஏ.யில் கார்புரேட்டர் இரண்டு, அமுக்கம் சற்று அதிகம் என்ற வேறுபாடுகள் உண்டுதான். ஆனால் ஓட்டுபவரின் கைக்குத் தெரிந்த பெரிய வேறுபாடு, அங்கே லீவர் தரையிலிருந்து சாணளவுக்கு முளைத்துக் கைக்கு வாகாக நின்றது என்பது. ஒரே கியர்பெட்டியின்மேல், குடும்பத் தலைவருக்கு ஒரு கை, பந்தயக்காரருக்கு வேறு கை.

அமெரிக்க இளைஞர்கள் இதை முதலில் கண்டுகொண்டனர். ஸ்டியரிங்கிலிருந்த லீவரை வெட்டியெறிந்து, தரையில் துளையிட்டுப் புதியதைப் பொருத்திக்கொள்ளும் ஆசை 1950களில் அங்கே பெருவழக்காயிற்று. ஜோர்ஜ் ஹர்ஸ்ட் என்பவர் பில் கம்பெலுடன் சேர்ந்து 1958இல் தொடங்கிய நிறுவனம் அந்த ஆசைக்கு உறுதியான உலோக வடிவம் கொடுத்தது. வீட்டுக் கராஜிலேயே பொருத்தக்கூடிய லீவர்த் தொகுதி. மலிவுப் பொருட்களைப்போல் வளையாது, முறியாது. 1964இல் பொன்டியாக் ஜி.டி.ஓ. காரில் தொழிற்சாலையே ஹர்ஸ்ட் லீவரைப் பொருத்தி விற்றது. வெளியாள் செய்த உதிரிப்பாகம் தயாரிப்பாளரின் வாசலுக்குள் மரியாதையுடன் நுழைந்தது. விபத்தில் நசுங்கிய காரைப் பிளந்து ஆளை மீட்கும் நீரியல் கருவியை உருவாக்கியவரும் இதே ஹர்ஸ்ட்தான். வேகத்துக்கு வழிசெய்தவர் அதன் விளைவையும் நினைத்திருக்கிறார்.

அமெரிக்கரிடம் காசும் கடையும் இருந்தன. இங்கே இரண்டுமே இல்லை. 1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கைக்குக் கார் வருவது சுருங்கிவிட்டது. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கதவை முறைப்படி சாத்தியது. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் தாழ்ப்பாளும் விழுந்தது. இந்த ஆண்டுகளைப் பற்றி எழுதுவோர் பாண் வரிசையையும் துணிப் பங்கீட்டையும் எழுதுகிறார்கள். கராஜ்களை எழுதுவதில்லை. ஒரு புஷ் தேய்ந்தால் வாங்க முடியாது, லேத் பட்டறையில் கடைந்துதான் ஆகவேண்டும். பித்தளை இல்லையென்றால் நைலோன், அதுவும் இல்லையென்றால் பழைய டயர்த் துண்டு. தேய்ந்த கம்பிகளோடு மல்லுக்கட்டிச் சலித்தவர்கள் ஸ்டியரிங் கியரையே ஒழித்துத் தரைக்கு இறக்கினார்கள். அமெரிக்காவில் பந்தய மோகத்தால் நடந்த அதே வேலை இங்கே உதிரிப்பாகம் இல்லாமையால் நடந்தது.

கதிரையில் அமர்ந்திருந்த பெரியவர் வாய் திறந்தது இந்த இடத்தில்தான். அவருடைய தகப்பனாரிடம் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் ஒன்று இருந்ததாம். பக்கத்து ஊரான ஆரையம்பதியிலிருந்து தமிழ் மெக்கானிக் ஒருவர் சைக்கிளில் வந்து, வீட்டு முற்றத்திலேயே அதன் லீவரைத் தரைக்கு மாற்றினார். கியர்பெட்டியின் பக்கத்திலே இரண்டு நெம்புகள் இருக்கும். ஒன்று தெரிவதற்கு, மற்றது தள்ளுவதற்கு. இரண்டையும் ஒரே குறுந்தண்டால் இயக்க, தடித்த இரும்புத் தகட்டை அறுத்து, அரத்தால் ராவி, மூன்று நாள் முயன்றாராம். பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுவன் விளக்குப் பிடித்தான். "அண்ணன் துணியால மூடாம ஒரு ஓட்டையையும் விடமாட்டார் சேர். நான் படிச்சது அவரிட்டத்தான்" என்றார்.

அதன்பின் அவர் சொன்னது குறைவு. நானும் கேட்கவில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகளே இதைச் செய்தனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. அந்த மாதங்களில் இந்தக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறிக் கொல்லப்பட்டார்கள். சைக்கிளில் சில நிமிடமே ஆகும் தூரம் கடக்கமுடியாத தூரமாயிற்று. கொல்லப்பட்டோர், இடம்பெயர்ந்தோர் எண்ணிக்கைகளை எங்கள் பத்திரிகைகள் அச்சிட்டன. நானும் அத்தகைய செய்திகள் பல எழுதியவன். ஒரு மெக்கானிக் ஒரு முற்றத்துக்கு வராமற்போனது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அந்தத் தொழிலறிவு எழுத்தில் இல்லாதது. ஆள் வந்தால்தான் அதுவும் கூட வரும்.

வடக்கில் அதே ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் அரிதாகி, ஆஸ்டின்களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். தெற்கே, இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பித்துவந்த நிலையம் ஒன்று, தனக்கு வேண்டிய தகரப் பாகங்களைக் காலியில் செய்வித்தது. பஞ்சத்தில் பழகிய கைகளை அவற்றைப் பஞ்சத்தில் தள்ளிய நாணயக்காரர்களே தேடிவந்த கதை அது. (மைனருக்கு ஸ்டியரிங் கியர்த் தொல்லை இருந்ததில்லை. 1948இல் பிறந்ததிலிருந்தே அதற்குத் தரை லீவர்தான்.)

இதற்கிடையே 1989 பெப்ரவரியில், சிக்காகோ கண்காட்சியில் மஸ்தா தனது சிறிய இரு இருக்கைக் காரைக் காட்டியது. குதிரையும் சவாரிக்காரனும் ஒருடல் ஆதல் என்ற பொருளுள்ள ஜப்பானியத் தொடரைத் தலைமைப் பொறியியலாளர் தொஷிஹிகோ ஹிராயின் குழு குறிக்கோளாக வைத்திருந்தது. நடுவில் மூன்றாமவர் அமரும் காரல்ல அது. எனவே லீவர் நேரே கியர்பெட்டியின் தலையில் நின்றது, கம்பி இல்லை, முழங்கை இல்லை. ஏற்கெனவே குறுகிய லீவர். அதை மேலும் குறுக்குவது தேவையா என்று கேட்டால், என் கருத்து தேவையில்லை என்பதே. புதிய நைலோன் கிண்ணமும் கிழியாத உறையும் நல்ல எண்ணெயும் போட்டாலே பாதிக் குறை தீரும். இளைஞரிடம் இதைச் சொன்னேன். "தெரியும் சேர். ஆனா இது நானே போட்டது எண்டு இருக்குமே" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

முப்பது வயதைத் தாண்டிய காரை இவ்வளவு பாடுபட்டுப் பேணுவதற்கு மோகம் மட்டும் காரணமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு கடனைக் கட்டமுடியாமல் நின்றபோது கியூஆர் அட்டையைக் காட்டிப் பெற்றோல் வாங்கினோம். தனியார் கார் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரி 1 முதல்தான் மறுபடி வழி திறந்தது. வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் பழைய காரையே துடைத்து வைத்துக்கொண்டார்கள்.

அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லும் நேரம், கடைசி மூன்று போல்ட்டுகள் எஞ்சியிருந்தன. பெரியவர் எழுந்து உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஸ்பானர்க் கட்டு ஒன்றை எடுத்துவந்தார். கேம்பிரிட்ஜ் காலத்து அங்குல ஸ்பானர்கள். சிலவற்றை ஆரையம்பதிக்காரர் அன்றைய வேலையோடு விட்டுப்போனவை என்றார். எட்டில் மூன்று அங்குலத்தை எடுத்து 10 மில்லிமீற்றர் போல்ட்டின் தலையில் வைத்துப் பார்த்தார். அரை மில்லிமீற்றரால் அது இறங்க மறுத்தது. மகன் தன்னுடையதை நீட்டினார். பெரியவர் அதை வாங்கி, மூன்று போல்ட்டுகளையும் தம் கையாலேயே இறுக்கிவிட்டு, பழைய கட்டைத் திரும்பவும் துணியில் சுற்றத் தொடங்கினார்.