கடல்நாய்க்குக் கிடைத்த வதிவிடப் பதிவு

2003 பெப்ரவரியில் வெளிநாட்டுச் செய்திகளிடையே ஒன்றை வேடிக்கையாக வாசித்தேன். ஜப்பானின் யொக்கோஹாமா நகரில் ஆற்றுக்குள் வந்து சேர்ந்த 'தாமா சான்' என்னும் கடல்நாய்க்கு, நிஷி வட்டார நிருவாகம் கௌரவ வதிவிடப் பதிவு வழங்கியிருந்தது. சில நாட்களில், அந்நாட்டில் வாழும் வெளிநாட்டவர் சிலர் முகத்தில் மீசை வரைந்துகொண்டு வந்து, தமக்கும் அப்பதிவு வேண்டுமெனக் கோரினர். அத்துடன் வேடிக்கை முடிந்தது. வரி செலுத்தி, ஜப்பானியரை மணந்து வாழ்ந்தவர்களுக்குக்கூடக் குடியிருப்போர் பதிவேட்டில் இடமிருக்கவில்லை. அவர்களுக்கென இருந்தது வேறொரு பதிவேடு.

அதன் வரலாறு கசப்பானது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆளுகையில் இருந்தது. கொரியர் ஜப்பானியப் பேரரசின் குடிகள். புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முதல்நாளான 1947 மே 2 இல் வெளியான கட்டளையொன்று, ஜப்பானில் வாழ்ந்த கொரியரை வெளிநாட்டவராகக் கருதிப் பதிவுசெய்யப் பணித்தது. 1952 ஏப்ரல் 28 இல் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கொரியர் தம் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தனர். அதே நாளில் வெளிநாட்டவர் பதிவுச் சட்டமும் பிறந்தது. பதிவுச் சான்றிதழை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும். 1955 முதல் கைவிரல் அடையாளமும் பதிக்க வேண்டியதாயிற்று. ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர்.

அந்த உடன்படிக்கை மாநாட்டில், 1951 செப்டெம்பரில், ஜப்பானுக்காகக் குரல் கொடுத்தவர் எமது நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. நட்டஈடு கோராத இலங்கையின் பெருந்தன்மையை ஜப்பானியர் இன்றும் நினைவுகூர்கின்றனர். இரு கொரிய அரசுகளுக்கும் அங்கே அழைப்பில்லை.

அவ்வேளை எமது நாட்டிலும் இதையொத்த கதையே நடந்துகொண்டிருந்தது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழர், 1949 இன் சட்டப்படி 7 அல்லது 10 ஆண்டுகள் இடையறாது இங்கு வதிந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. லயத்துக் காம்பராவில் பிறந்தவரிடம் ஆவணம் ஏது? விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 825,000 பேர். பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மாத்திரமே. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழிதிறந்த சட்டம், அந்தக் கடல்நாய் பதிவுபெற்ற அதே 2003 இல்தான் நிறைவேறியது.

1980 இல் டோக்கியோவின் ஷின்ஜுக்கு வட்டாரத்தில் கொரியர் ஒருவர் விரலடையாளம் பதிக்க மறுத்தார். அம்மறுப்பு நாடெங்கும் பரவியது. நிரந்தர வதிவாளருக்கு 1993 இலும், ஏனையோருக்கு 2000 இலும் பதிவுக்கான விரலடையாளம் நீக்கப்பட்டது. 2012 யூலையில் பழைய சட்டமும் ஒழிந்தது. வெளிநாட்டவரின் பெயர்கள் அயலவரின் பெயர்களோடு ஒரே பதிவேட்டில் ஏறின.

தொரொன்டோவிலும் பரிஸிலும் வதிவிட அட்டையைப் பொக்கற்றில் சுமக்கும் எம்மவருக்கு இக்கதை புரியும். அயலவர் யார், அந்நியர் யார் என்பதை அந்த மக்கள் வாழ்ந்த தெரு தீர்மானிக்கவில்லை. அரசின் பதிவேடே தீர்மானித்தது. அதனைத் திருத்த, ஒருவர் தம் விரலை நீட்ட மறுக்க வேண்டியிருந்தது.