பொன்மணியும் கற்பிட்டிக் கரையும்

தர்மசேன பத்திராஜவைப் பற்றி எழுதும் நம்மவர்கள் 'பொன்மணி'யில் தொடங்கி 'பொன்மணி'யிலேயே நின்றுவிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. 1943இல் கண்டியில் பிறந்த ஒரு சிங்கள விரிவுரையாளர், எழுபதுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் கற்பிக்கப் போன இடத்தில் தமிழில் ஒரு படம் எடுத்தார் என்பது சின்ன விடயமல்ல. திரைக்கதை காவலூர் ராஜதுரையுடையது. நடித்தவர்களில் பலர் பல்கலைக்கழகத்தையும் நாடக மேடையையும் சேர்ந்தவர்கள். மட்டக்களப்பின் சித்திரலேகா மௌனகுருவும் அவர்களில் ஒருவர். சீதனமில்லாமல் வீட்டில் தேங்கிப்போன அக்கா, சாதி பாராமல் காதலித்துப் போன தங்கை, கடைசியில் அவளுடைய சாவு. சென்னைப் படங்களில் ஊறிப்போன சனத்திடம் அது எடுபடவில்லை. தன் வீட்டுச் சங்கதியைத் திரையில் காண யாழ்ப்பாணம் கூசியதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆபிரிக்காவில் பிறந்த இன்னொரு ஆசிரியர் இங்கே நினைவுக்கு வருகிறார். எத்தியோப்பியாவின் கொண்டாரில் 1946இல் பிறந்த ஹைலே கெரிமா, 1975 முதல் வாஷிங்டனின் ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் சினிமா கற்பித்தவர். அடிமை முறையைப் பற்றிய அவரது 'சங்கோஃபா'வை (1993) விநியோகஸ்தர்கள் ஏற்காதபோது, தாமே தியேட்டர்களை வாடகைக்கு எடுத்து நகரம் நகரமாகக் காட்டினார். கறுப்பின மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். பத்திராஜவுக்கு அப்படியொரு சனம் வாய்க்கவில்லை. தமிழருக்கு அவர் சிங்களவர். சிங்கள வணிக சினிமாவுக்கோ வேண்டாத இடதுசாரி.

மாங்கேணியில் இருக்கும் எனக்கு அவருடைய 'பம்பரு அவித்' (1978) தான் கிட்டிய படம். 'குளவிகள் வந்துவிட்டன' என்று பொருள். கற்பிட்டியின் மீன்பிடிக் கிராமமொன்றுக்கு நகரத்து இளைஞர் கூட்டமொன்று வருகிறது. விக்டர் அதன் தலைவன். கரையை இதுவரை ஆண்ட அன்டனின் பிடி தளர்கிறது. ஹெலன் என்ற பெண்ணை வைத்து மூண்ட பகை இரத்தத்தில் முடிகிறது. கூட்டத்தோடு வந்த இடதுசாரி இளைஞன் வீரசேன, கடைசியில் கேட்க ஆளில்லாத வெளியில் நின்று தொழிலாளர் ஒற்றுமை பற்றி முழங்குகிறான். தன் தோழர்களைப் பார்த்து இவ்வளவு ஈரத்தோடு சிரித்த இடதுசாரிக் கலைஞர்கள் நம்மிடம் குறைவு. மேற்குக் கரை கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தார் கிழக்குக்கு வந்து வாடியடிப்பது பழைய வழக்கம். வலை யாருடையது, கரை யாருடையது, மீனுக்கு விலை சொல்வது யார் என்ற கேள்விகள் இங்கே யாருக்கும் புதிதல்ல.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கற்பிட்டி தமிழ் பேசும் முஸ்லிம்கள் தொகையாக வாழும் ஊர். படத்தின் முக்கிய பாத்திரங்களில் ஒருவரும் முஸ்லிம் அல்லர். 'பொன்மணி'யின் யாழ்ப்பாணத்திலும் சோனகத்தெருவுக்கு இடமில்லை.

பிறகு அவர் 'பார திகே' (1980), 'சொல்தாது உன்னெஹே' (1981) எடுத்தார். மொனாஷ் பல்கலைக்கழகத்தில் வங்காள சினிமா பற்றி ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றார். 2018 ஜனவரியில் காலமானார்.

இடையில் 1990 ஒக்டோபர் வந்தது. வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் குடிசை போட்டார்கள். 'பொன்மணி' ஓடிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 'பம்பரு அவித்'தின் கரையில் இப்போது வந்தேறிகள் அவர்கள்தாம்.