அதே ஆலை, அதே ஆட்கள்!

"ஜப்பான்காரன் எறும்பு மாதிரி உழைப்பான், அமெரிக்காக்காரன் மணி அடித்ததும் கிளம்பிவிடுவான்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஏதோ வேலைப் பழக்கம் ரத்தத்திலேயே ஓடுவது போல! இது உண்மையா என்று ஒரே கூரைக்குக் கீழ் ஒரு சோதனையே நடந்திருக்கிறது.

கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. பெயர் கெட்டுப்போன ஆலை. பல நாட்களில் ஐந்தில் ஒருவர் மட்டம் போடுவார். வந்தவர்களிலும் சிலர் குடித்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள். நிர்வாகமும் தொழிற்சங்கமும் கீரியும் பாம்பும்தான். அங்கே ஒரே ஒரு கட்டளை: என்ன ஆனாலும் அசெம்பிளி லைன் நிற்கக்கூடாது. தவறாகப் பொருத்திய கார் அப்படியே நகரும், பிறகு சரிசெய்வார்கள். 1982-ல் ஆலையை மூடினார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது.

1984-ல் அதே ஆலை 'நம்மி' என்ற பெயரில் மறுபடி ஓடியது. ஜி.எம்.மும் டொயோட்டாவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, ஆனால் நடத்தியது டொயோட்டா. எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் பழையவர்களே. சங்கமும் அதேதான்!

அவர்களில் சில நூறு பேரை ஜப்பானில் டொயோட்டாவின் தகாவோகா ஆலைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே லைன் நெடுக ஒரு கயிறு. சிக்கல் என்றால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்ததும் டீம் லீடர் ஓடி வருவார், திட்டுவதற்கல்ல, உதவுவதற்கு. அப்படியும் சரியாகாவிட்டால் லைனே நிற்கும். லைனை நிறுத்தினால் வேலை போகும் என்று பயந்தே காலம் தள்ளியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஃபிரீமான்ட்டிலும் அந்தக் கயிறு வந்தது. அதிகாரிகளுக்கென்று தனி கேன்டீன் கிடையாது, கார் நிறுத்தத் தனி இடம் கிடையாது. 1988-ல் விற்பனை சரிந்தபோதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, பயிற்சி கொடுத்து வைத்துக்கொண்டார்கள். மட்டம் போடுவது இரண்டு, மூன்று சதவீதமாக இறங்கியது. கார்களின் தரம் தகாவோகாவை நெருங்கியது.

இதே முறையைக் கொண்டுவர ஜி.எம். தன் வான் நைஸ் ஆலையில் முயன்றது. அங்கே மேலாளர்களுக்குத் தங்கள் அதிகாரத்தை விட மனமில்லை. தொழிலாளர்களிலும் பலருக்கு நம்பிக்கை இல்லை. 1992-ல் அந்த ஆலையும் மூடப்பட்டது.

நம்மியும் கடைசிவரை பிழைக்கவில்லை என்பதுதான் சோகம். 2009-ல் திவாலான ஜி.எம். விலகியது, 2010-ல் டொயோட்டாவும் மூடிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். இந்த முறை அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. இன்று அந்தக் கட்டடத்தில் டெஸ்லா கார் செய்கிறது.

இதைப் படித்ததிலிருந்து "அந்த நாட்டுக்காரர்கள் சோம்பேறிகள்" என்று யாராவது சொன்னால், எனக்கு ஒரு கேள்விதான் எழுகிறது. அங்கே கயிற்றை இழுத்தால் ஓடி வருபவர் உதவுவாரா, திட்டுவாரா?