லயனல் வென்டின் மீள்நோக்குக் கண்காட்சி

லயனல் வென்ட் (1900–1944) கொழும்பிற் பிறந்தவர். தந்தை வழியிற் பறங்கியர். இங்கிலாந்திற் சட்டமும் பியானோவும் பயின்று, 1924ஆம் ஆண்டில் தாயகம் மீண்டு, வழக்கறிஞர் தொழிலை விரைவிற் கைவிட்டுச் சங்கீதத்தையும், 1930களில் ஒளிப்படக் கலையையும் தம் ஜீவிதத்தின் பிரதான காரியமாக வரித்துக்கொண்டார். பசில் ரைட் 1934இல் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ என்னும் ஆவணப்படத்திற் கேட்கும் வர்ணனைக் குரல் அவருடையதே. நவீன ஓவியத்தை இலங்கையில் வேரூன்றச் செய்த ‘43 குழு’வும் அவர் இல்லத்திலேயே தோற்றம் பெற்றது.

மறைந்த கலைஞரின் ஆயுட்கால சிருஷ்டியை ஓரிடத்தில் திரட்டிக் காட்ட முயல்வோர், நெகட்டிவ் கைவசமிருப்பின், விடுபட்ட படங்களைப் புதிதாக அச்சிட்டேனும் குறையை நிரப்பிக்கொள்ளலாம். வென்ட் விஷயத்தில் அவ்வழி அடைபட்டுவிட்டது. அவர் 1944 டிசம்பரிற் காலமானபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. ஆகையால் 2017இல் ஆம்ஸ்டர்டாமின் ஹூயிஸ் மார்சேய் அரும்பொருளகத்தில் நடைபெற்றது போன்ற கண்காட்சிகள், எஞ்சிய பழைய அச்சுப்படிகளையே நம்பவேண்டியனவாயின. இதனை முழு நஷ்டமென்று சொல்வதற்குமில்லை. உருத்துலக்கும் வேளையில் மீண்டும் ஒளியைப் பாய்ச்சி வெளிச்சத்தையும் நிழலையும் இடம்மாறச் செய்வதும், ஒரு படத்தின்மேல் மற்றொன்றைப் படியவைப்பதும் அவர் கையாண்ட உத்திகளாதலின், அவரது கலையிற் சரிபாதி இருட்டறையிலேயே நிகழ்ந்தது. பிறர் அச்சிட்ட படி எத்துணை நேர்த்தியாயினும் அந்தப் பாதியை இழந்தே நிற்கும்.

நகரத்தின் அன்றாட வாழ்வைப் பதிந்தோர் வரிசையில் இவரை வைப்பது முற்றும் பொருத்தமன்று. கொழும்பு அவருக்கு வாசஸ்தலம். கமராவின் நாட்டமோ கிராமத்தின்பாலும், புராதனச் சிதைவுகளின்பாலும், கூத்தர், மீனவர், உழைப்பாளர் ஆகியோரின்பாலும் சென்றது. மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறிவோரை நாள்தோறும் காணும் நம்மவர்க்கு அப்படங்களில் ஒரு குறை தோன்றலாம்: தேகத்தின் லாவண்யம் துலங்குமளவிற்குத் தொழிலின் களைப்புத் துலங்குவதில்லை. சர்ரியலிஸத்தில் ஈடுபாடுடைய தனவந்தரின் பார்வை அது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும், தேயிலைத் தோட்டமும் தென்னஞ்சோலையுமாக அஞ்சலட்டைகள் விற்ற காலத்தில், உள்நாட்டு மனிதரின் முகத்தை முகமாகவே நோக்கிய பெருமை அவருக்குண்டு.

அவரது படங்களின் தொகுப்பு 1950இல் லண்டனில் நூலாக வெளிவந்தது. அவர் வசித்த மனையிருந்த இடத்தில் லயனல் வென்ட் அரங்கு 1953இல் திறக்கப்பெற்று, நாடகத்திற்கும் சித்திர, ஒளிப்படக் காட்சிகளுக்கும் இன்றளவும் பயன்பட்டு வருகிறது.