ஹேக் மன்றில் ஷரீஆவின் குரல்

இலங்கையில் ஷரீஆ என்றதும் நம் நினைவுக்கு வருபவை விவாகம், தலாக், வாரிசுரிமை ஆகிய மூன்றுமே. 1806ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக்கோவை முதல் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வரை நாம் பழகி வந்த வரம்பு அது. அந்த வரம்புக்கு அப்பாலும் ஷரீஆவுக்கு ஒரு சொல் உண்டென உலக மன்றில் எடுத்துரைத்தவர், முஸ்லிமல்லாத ஓர் இலங்கையர்: நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி.

1926இல் கொழும்பில் பிறந்த அவர், றோயல் கல்லூரியில் பயின்று 1948இல் சட்டத்தரணியானார். 1967 முதல் 1972 வரை உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தபின், அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியரானார். அந்நாட்டில் வாழ்ந்துகொண்டே, அந்நாட்டுக்குப் பாதகமான ஒரு பணியை அவர் ஏற்றார். பசுபிக் தீவான நவ்றுவில் பொஸ்பேற்று அகழ்ந்து பாழாக்கப்பட்ட நிலத்துக்குப் பொறுப்பாளி யார் என ஆராய்ந்த ஆணைக்குழுவின் தலைமை அது. ஆண்ட நாடுகளே பொறுப்பு என்றது அறிக்கை. 1989இல் நவ்று வழக்குத் தொடுத்தது. 1993இல் 107 மில்லியன் டொலர் வழங்க அவுஸ்திரேலியா இணங்கியது.

இஸ்லாமியச் சட்டவியல் பற்றிய அவரது ஆங்கில நூல் 1988இல் வெளிவந்தது. மேற்குலகினர் சர்வதேசச் சட்டத்தின் தந்தையெனப் போற்றும் குரோஷியஸின் பெருநூல் 1625இல் வந்தது. இமாம் அஷ்ஷைபானியோ நாடுகளுக்கிடையிலான உறவு, யுத்தம், உடன்படிக்கை பற்றி எட்டாம் நூற்றாண்டிலேயே விரிவாக எழுதியவர். இவ்வரலாற்றைச் சட்ட உலகின் முன்வைத்தோரில் வீரமந்திரியும் ஒருவர்.

1991 முதல் 2000 வரை அவர் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றில் நீதிபதியாகவும், இறுதி மூன்றாண்டுகள் உபதலைவராகவும் இருந்தார். 1996 ஜூலை 8இல் அணுவாயுதம் பற்றிய ஆலோசனைக் கருத்து வெளியானது. அணுவாயுதப் பிரயோகம் பொதுவாகச் சட்டத்துக்கு முரணானதே. எனினும் ஒரு நாட்டின் இருப்பே ஆபத்துக்குள்ளாகும் தற்காப்பில் திட்டமாகக் கூறவியலாது என்றது மன்று. நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிய, தலைவரின் தீர்மானிக்கும் வாக்கே முடிவு செய்தது. எந்த நிலையிலும் அது சட்டவிரோதமே என எதிர்த்தெழுதியவர்களுள் வீரமந்திரியும் ஒருவர்.

அவ்வெதிர்க்கருத்தில் அவர் இராமாயணத்தை மட்டுமன்றி, இஸ்லாமிய யுத்த நெறிகளையும் சான்றாக்கினார். ஆயுதங்களில் நஞ்சு தடவலாகாது, பெண்களையும் சிறுவர்களையும் துறவிகளையும் தீண்டலாகாது, பயிர்களை அழிக்கலாகாது, கைதிக்கு உணவளிக்க வேண்டும். நாம் ஜும்ஆக்களில் பலமுறை கேட்டவைதான் இவை. கேட்ட நாம் அவற்றை உபதேசமென நினைத்துக் கலைந்துபோனோம். அவரோ அவற்றைச் சட்டமெனக் கண்டு மன்றில் வாதித்தார். மறு ஆண்டில், டானியூப் நதியின் அணை குறித்த வழக்கில், நிலம் இறைவனுக்குரியது, மனிதனிடம் உள்ளது அமானிதமே என்ற இஸ்லாமியக் கருத்தையும் நம் நாட்டுக் குளங்களின் வரலாற்றையும் ஒரே தீர்ப்புரையில் சேர்த்தார்.

2017 ஜனவரியில் அவர் காலமானார். நமக்கு அநீதி நேரும்போது சட்டத்தின் துணையைத் தேடுகிறோம், தேடவும் வேண்டும். ஆனால் பிறருக்கு நேரும் அநீதியிலும் பேசக் கடமைப்படுத்தும் சட்டம் நம் கையிலேயே இருப்பதை மறந்துவிடுகிறோம். அந்த எதிர்க்கருத்தின் சில பக்கங்களையேனும் நம் மத்ரஸா மாணவரும் உயர்தர வகுப்பு மாணவரும் ஒன்றாக அமர்ந்து வாசிக்கட்டும்.