கிளிசரோலும் போரும்: ஒரு கழிவுப்பொருளின் வரலாறு

கிளிசரோலை நாம் பெரும்பாலும் மருந்துக்கடைப் பொருளாகவே அறிவோம். சவர்க்காரம் பிரிந்தபின் எஞ்சும் உப்புநீருடன் அது நெடுங்காலம் வீணே கொட்டப்பட்டது. 1779இல் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் சீலே, ஒலிவ எண்ணெயை ஈயவொட்சைட்டுடன் காய்ச்சி இனிப்பான பாகொன்றைப் பெற்றார். கிரேக்க மொழியில் இனிப்பைக் குறிக்கும் சொல்லினின்று பிரான்சியரான செவ்ரூல் அதற்குப் பெயரிட்டார். மூன்று காபன் அணுக்களும் மூன்று ஐதரொட்சைல் கூட்டங்களும் கொண்ட அற்ககோல் அது. ஈரத்தை ஈர்த்து வைத்தலும், 290 பாகை செல்சியசு என்னும் உயர்ந்த கொதிநிலையும் இக்கூட்டங்களின் விளைவே.

அதே கூட்டங்கள் நைத்திரிக்கமிலத்துடனும் தாக்கமுறும். 1847இல் இத்தாலியரான சொப்ரேரோ இவ்வாறு நைத்திரோகிளிசரினை ஆக்கினார். ஆக்கியவரே அதற்கு அஞ்சினார். 1864இல் ஸ்ரொக்ஹோமில் நோபெல் குடும்பத்தாரின் வேலைத்தலம் வெடித்து, அல்பிரட் நோபெலின் தம்பி எமிலும் வேறு சிலரும் மாண்டனர். 1867இல் நுண்துளை மண்ணில் அதனை ஊறவைத்துத் தைனமைற்றை நோபெல் உருவாக்கினார். நெஞ்சுவலிக்கு அதுவே மருந்தானமை தனிக்கதை. 1889இல் பிரித்தானியாவில் காப்புரிமை பெற்ற கோடைற்று என்னும் உந்துமருந்திலோ பாதிக்கு மேற்பட்ட பங்கு நைத்திரோகிளிசரினே. சவர்க்கார ஆலை அதன்பின் படைத்துறைக்கும் வேண்டியதாயிற்று.

முதலாம் உலகப்போரில் கடல்முற்றுகை யேர்மனிக்கு வெளிநாட்டுக் கொழுப்பை மறித்தது. மதுவத்தால் சீனியை நொதிக்கச் செய்கையில் சோடியம் சல்பைற்றைச் சேர்த்தால், அது இடைப்பொருளான அசற்றல்டிகைட்டைப் பிணித்துவிடும். எதைல் அற்ககோல் குறைந்து கிளிசரோல் பெருகும். இம்முறையால் அந்நாடு மாதந்தோறும் ஏறத்தாழ 1000 தொன் பெற்றது. மக்கள் பசித்திருந்த நாட்டில் சீனி வெடிமருந்தாகியது.

பிரித்தானியாவுக்குக் குடியேற்ற நாடுகள் இருந்தன. மாட்டுக்கொழுப்பு தன் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பங்கு கிளிசரோலைத் தரும். கொழுப்பமிலச் சங்கிலிகள் குறுகிய தேங்காயெண்ணெயோ 14 பங்கு தரும். இலங்கையின் கொப்பராவும் மேற்கு ஆபிரிக்காவின் செம்பனையெண்ணெயும் சந்தையில் சவர்க்காரத்துக்கும் மாஜரினுக்குமான மூலப்பொருள்களே. தேங்காய் உரித்த கூலியாளர், தம் உழைப்பின் ஒரு கூறு பீரங்கிக்குள்ளும் செல்லக்கூடும் என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. வணிக வரலாறு எழுதுவோரும் இதனைப் பெரிதாகப் பொருட்படுத்தியதாக நாம் கருதவில்லை.

1948இல் அமெரிக்காவில் பெற்றோலியத்திலிருந்தே கிளிசரோல் ஆக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டின் பின் தாவர எண்ணெயிலிருந்து டீசல் ஆக்கும் தொழில் பெருகியபொழுது, 10 தொன் எரிபொருளுக்கு ஏறத்தாழ 1 தொன் கிளிசரோல் மிஞ்சலாயிற்று. விலை சரிந்தது, தூய்மையாக்கும் செலவுக்கும் கட்டுபடியாகாத இடங்களில் அதனை எரித்தனர்.