எம்.ஜி.ஆரின் பேச்சும் எதிர்வீட்டுத் தாத்தாவின் மௌனமும்

தி.நகர் ஆற்காடு தெருவில் உள்ள எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்கு வெளியூர் உறவினர்களை நம்மில் பலர் அழைத்துப் போயிருப்போம். அவர் பயன்படுத்திய காரையும் வாங்கிய பரிசுகளையும் காட்டுவோம். அவருடைய பேச்சு இரண்டு முறை பாதிக்கப்பட்டதே, அந்தக் கதையை அங்கே நின்று யாரும் சொல்வதில்லை. பக்கவாதம் வந்தவர் இருக்கும் வீடுகளுக்குத் தேவையான வரலாறு அதுதான்.

முதல் முறை, 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தது. கழுத்தில் கட்டுடன் அவர் இருக்கும் படம் சுவரொட்டியானது; மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். குரல் மட்டும் பழையபடி ஆகவில்லை. இருந்தாலும் அந்த மாறிய குரலிலேயே அடுத்த பத்தாண்டுகள் நடித்தார். ரசிகர்கள் அந்தக் குரலுக்கும் காதைப் பழக்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது முறை, 1984. அக்டோபர் 5 அன்று முதல்வர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் சேர்ந்துகொண்டது. நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 19-ல் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. இங்கே தியேட்டர்களில் 'ஒளிவிளக்கு' படத்தின் பிரார்த்தனைப் பாடல் ஒலித்தது. தொகுதிப் பக்கம் வராமலே ஆண்டிபட்டியில் வென்றார். 1985 பிப்ரவரி 4-ல் சென்னை திரும்பி, 10-ம் தேதி மீண்டும் முதல்வராகப் பதவியேற்றார். பேச்சுப் பயிற்சி எடுத்தும் முன்போல் பேச வரவில்லை. 1987 டிசம்பர் 24-ல் மறையும்வரை அவர்தான் முதல்வர்.

இந்த இரண்டு பாதிப்புகளும் ஒன்றல்ல. குண்டு கெடுத்தது குரலை. பக்கவாதம் தாக்குவது மூளையை. மூளையில் மொழிக்கான பகுதி, பெரும்பாலோருக்கு இடப்பக்கம், அடிபட்டால் வருவதை 'அஃபேசியா' என்கிறார்கள். சிலருக்குச் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். சிலர் 'தண்ணீர்' கேட்க நினைத்து 'செருப்பு' என்பார்கள். சிலருக்கு மற்றவர் பேசுவது பிடிபடாது. 1861-ல் பாரிஸில் பால் புரோகா என்ற மருத்துவர் பார்த்த நோயாளி, எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஒரே ஒலியைத்தான் சொன்னார். ஆனால் கேட்டதைப் புரிந்துகொண்டார். சைகையால் பதில் சொன்னார். பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது என்று அர்த்தமில்லை என்பது அன்றே தெரிந்த விஷயம்.

160 ஆண்டுகள் கழித்தும் லிஃப்டில் நாம் செய்வது என்ன? பக்கவாதம் வந்த பெரியவர் எதிரில் நிற்க, "சார் இப்ப எப்படி இருக்கார்?" என்று மாமியைக் கேட்கிறோம். அவர் வாய் திறப்பதற்குள் நாமே வாக்கியத்தை முடிக்கிறோம். குழந்தையிடம் பேசுவதுபோல் சத்தமாகப் பேசுகிறோம். நாள் போகப்போக அவர் கீழே வருவதையே நிறுத்திவிடுகிறார். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பேச்சு இழந்தவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். "மனசு சரியில்லை" என்று சொல்வதற்கும் சொல் வேண்டுமே! சாப்பாடு குறைவது, தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் அழுவது, பயிற்சிக்கு வர மறுப்பது தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

அக்கம்பக்கத்தார் செய்யக்கூடியவை எளியவை. அவர் முகத்தைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள். "காபியா, டீயா?" என்று கேட்டு இரண்டையும் காட்டுங்கள். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள். டிவி ஓடினால் அணைத்துவிடுங்கள். புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்ட வேண்டாம். தாளும் பேனாவும் கொடுங்கள். பேச வராத சிலருக்கு, மனப்பாடமான பாட்டு வார்த்தையோடு வருவதுண்டு. இதை வைத்தே 1970-களில் பாஸ்டனில் ராகத்தோடு பேசப் பழக்கும் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். மார்கழி பஜனைக்கு அவரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். பாடினால் சந்தோஷம், பாடாவிட்டாலும் அவர் நம்மோடு இருப்பார்.

கவனித்துக்கொள்ளும் மனைவிக்கோ மகளுக்கோ ஒரு மணி நேர ஓய்வு கொடுப்பதும் உதவிதான். அவர்கள் மனம் விட்டுப் பேச 'டெலி மானஸ்' 14416 இருக்கிறது, கட்டணம் இல்லை.

குழறிய பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, அந்த மனிதரையே முதல்வராகவும் ஏற்றுக்கொண்ட ஊர் இது. எதிர்வீட்டுத் தாத்தா ஒரு வார்த்தை சொல்லி முடிக்கும்வரை லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க நம்மால் முடியாதா?